ஒரு வளவு வீடு, எட்டுப் பேர், ஒரு கக்கூஸ்: சிம்ஸ் 4-இல் கூட்டுக் குடும்பச் சவால்

ஆட்களை உருவாக்கி, வீடு கட்டிக் குடிவைத்து, அவர்கள் வாழ்க்கையை ஓட்டும் வீடியோ கேம் சிம்ஸ் 4. அதில் ஒரு குடும்பத்தில் அதிகபட்சம் எட்டுப் பேர்தான் இருக்க முடியும். அந்த எட்டுப் பேரையும் சின்ன வீட்டில் குடிவைத்து, ஒருவரை மட்டும் நாம் இயக்கி, மற்ற ஏழு பேரையும் அவரவர் போக்கில் விட்டுவிட வேண்டும். சவால் இவ்வளவுதான். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் பணமோ திறமையோ இல்லை, வீட்டின் அமைப்பு. யார் எந்த வழியாக எதற்குப் போகிறார்கள் என்பதை முதலிலேயே யோசித்துக் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடிப்படை ஆட்டம் 2022 அக்டோபரிலிருந்து இலவசம். இந்தச் சவாலுக்குக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பேக் (ஆட்டத்தின் விரிவாக்கத் தொகுப்பு) எதுவும் வேண்டாம்.

1. ஆட்களை உருவாக்குதல்

புதுக் குடும்பம் தொடங்கி எட்டுப் பேரைச் சேருங்கள். நாம் எடுத்துக்கொள்ளும் வீடு இது: தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பதின்வயது அக்கா, பள்ளிக்கூடம் போகும் தம்பி. உறவுமுறைகளை உருவாக்கும் திரையிலேயே குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் வெறும் வீட்டுத்தோழர்களாகவே இருப்பார்கள்.

நாம் இயக்கப்போவது சித்தியை. அவருக்கு லட்சியமாக ஓவியர் லட்சியத்தைக் கொடுங்கள். வீட்டை விட்டு நகராமலே காசு வரும், வீட்டையும் கண்காணிக்கலாம். அவர் லட்சியத்தை முழுதாக முடித்தால் சவால் வென்றது.

குணங்களில் கவனம் தேவை. முன்கோபக் குணம் வீட்டில் ஒருவருக்கு மேல் வேண்டாம். தனிமை விரும்பி யாருக்குமே வேண்டாம், இந்த வீட்டில் அவருக்கு ஒதுங்க இடம் கிடையாது. துப்புரவுக் குணம் குறைந்தது இருவருக்காவது கொடுங்கள். நாம் சொல்லாமலே தட்டைக் கழுவுகிறவர்கள் அவர்கள்தான். சோம்பேறிக்கும் அழுக்கனுக்கும் ஆளுக்கொரு இடம் கொடுத்தால் ஆட்டம் சூடாக இருக்கும். முதல் முறை ஆடுகிறவர்கள் அதைத் தள்ளிப்போடுவது நல்லது.

2. பணமும் மனையும்

முதல் ஆளுக்கு 20,000 சிமோலியன் (ஆட்டத்தின் பணம்), கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் 2,000. ஆக எட்டுப் பேர் வீட்டுக்குக் கையில் 34,000. மதர்லோட் போன்ற, சும்மா பணம் தரும் சீட் (குறுக்குவழிக் குறியீடு) எதையும் தொடாதீர்கள். பணம் கொட்டினால் சவாலுக்குப் பொருளே இல்லை.

மனைக்கு ஆட்டத்தில் உள்ள நியூகிரெஸ்ட் என்ற ஊருக்குப் போகலாம். அங்கே உள்ள 15 மனைகளும் காலியாகவே கிடைக்கும். 30-க்கு 20 கட்ட மனை போதும் (கட்டம் என்பது கட்டும் திரையில் தரையில் தெரியும் ஒரு சதுரம்). முழு மனையிலும் கட்டிவிடாதீர்கள். 6 கட்ட அகலம், 16 கட்ட நீளம், அதற்கு மேல் ஒரு கட்டம்கூடப் போகக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 12 கட்டம் வரும்.

3. வீட்டைக் கட்டுதல்

திருநெல்வேலி டவுன் வளவு வீடுகளின் நீளவாக்கு அமைப்பு இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும். முன்னால் தார்சா (முன்னறை), அடுத்து பட்டாசல் (கூடம்), அதற்குப் பின்னால் அடுக்களை, கடைசியில் புறவாசல் (பின்கட்டு). நீளக் கணக்கு வரிசையாக 3, 6, 5, 2.

தார்சாவில் ஒரு சோபா, ஓவியப் பலகை, இரண்டு நாற்காலி. டிவி வைப்பதானால் இங்கேதான். பட்டாசலில் வைத்தால் அந்தச் சத்தத்தில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள்.

பட்டாசல்தான் படுக்கும் இடம். 2021 மார்ச் அப்டேட்டில் அடுக்குக் கட்டில் இலவசமாக வந்தது. இந்தச் சவாலை அது மிகவும் மாற்றிவிட்டது. மூன்று அடுக்குக் கட்டில் போட்டால் ஆறு பேருக்கு இடம். எட்டுப் பேருக்கு ஆறு படுக்கைதான், வேண்டுமென்றேதான் இந்தக் கணக்கு. ஏணி இருக்கும் பக்கத்தை அடைக்காதீர்கள். அடைத்தால் மேல்தட்டுக்கு யாராலும் ஏற முடியாது. பட்டாசலின் நடுவே இரண்டு கட்ட அகலத்துக்கு வழி விடுங்கள். ஒரு கட்டம் மட்டும் விட்டால் காலை நேரத்தில் இருவர் எதிரெதிரே வந்து நின்று, போக வழியில்லை என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் பள்ளிக்கூட நேரம் வந்துவிடும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது புறவாசலில். கக்கூஸையும் ஷவரையும் ஒரே அறையில் வைப்பார்கள். சிம்களுக்கு, அதாவது ஆட்டத்து ஆட்களுக்கு, தனிமை வேண்டும். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் உள்ளே வந்தால் விரட்டிவிடுவார். ஆக அறையில் இரண்டு பொருள் இருந்தும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பயன். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கக்கூஸ் தனி, குளிக்கிற இடம் தனி. ஆட்டத்திலும் அப்படியே கட்டுங்கள். இடது ஓரம் 2-க்கு 2 கக்கூஸ், வலது ஓரம் 2-க்கு 2 ஷவர், நடுவில் மீதமுள்ள 2-க்கு 2-இல் கைகழுவும் பேசினும் பின்கதவும். பேசினை உள்ளே வைத்தால் கை கழுவ வருகிறவரும் கக்கூஸை மறிப்பார்.

அடுக்களையில் பிரிட்ஜ், கவுண்டர், அடுப்பு, சிங்க் ஒரே வரிசையில் வரட்டும். அதோடு எதுவும் வைக்காத கவுண்டர் ஒன்றும் வேண்டும், சமைத்த பாத்திரம் அங்கேதான் வந்து இறங்கும். அடுக்களையில் சிங்க் இல்லாவிட்டால் சாப்பிட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு புறவாசல் பேசினுக்குப் போவார்கள். காலை ஏழு மணிக்கு அது நடந்தால் வரிசை மொத்தமும் குலையும். தீ அலாரத்தை மறக்காதீர்கள். மலிவு அடுப்பும் குறைந்த சமையல் திறனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

4. செட்டிங்ஸ்

கேம் ஆப்ஷனில் தன்னியக்கம் (நாம் சொல்லாமலே தாமாகச் செயல்படுவது) முழுமையாக இருக்கட்டும். தேர்ந்தெடுத்த சிம்முக்கு மட்டும் தன்னியக்கத்தை நிறுத்தும் வசதியும் அங்கேயே உண்டு. அதைப் போட்டுவிட்டால் சித்தி நாம் சொன்னதை மட்டும் செய்வார், ஓவியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழ மாட்டார். ஆனால் அவருடைய பசியையும் நாம்தான் பார்க்க வேண்டும். தாத்தாவும் ஆச்சியும் பாதியில் தவறிவிடக் கூடாதென்றால், விளையாடும் குடும்பத்துக்கு வயதாவதை நிறுத்திவையுங்கள்.

5. ஒரு நாளை ஓட்டுதல்

சாதாரண வேகத்தில் ஆட்டத்தின் ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி; ஒரு நாள் 24 நிமிடம்.

சித்தி ஐந்து மணிக்கு எழட்டும். மற்றவர்கள் எழுவதற்கு முன் அவர் கக்கூஸ், குளியல் இரண்டையும் முடித்துவிட வேண்டும். உடனே எட்டுப் பேருக்கான பார்ட்டி அளவில் சமையல். முதல் வாரம் கார்டன் சாலட் மட்டும் போதும், அதற்கு அடுப்பு வேண்டாம், தீ பயமும் இல்லை. முடிந்ததும் பாத்திரத்தைச் சொடுக்கிச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஏழு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் பிரிட்ஜைத் திறந்து தனித்தனியாகச் சமைப்பார்கள். ஒரு கவுண்டருக்கு மூன்று பேர் காத்து நிற்பார்கள். மீந்ததைப் பிரிட்ஜில் வையுங்கள். வெளியே விட்டால் கெட்டுப்போகும், அந்த நாற்றத்தில் எல்லோர் மனநிலையும் இறங்கும்.

அக்காவும் தம்பியும் எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்புவார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தொடக்கத்திலேயே வேலை தேடிக் கொடுங்கள். ஏழு பேர் விஷயத்தில் உங்களுக்கு அனுமதியுள்ள ஒரே தலையீடு அது. வேலையைத் தேர்வு செய்யும் திரையில் நேரம் போட்டிருக்கும். ஒருவருக்குப் பகல், இன்னொருவருக்கு மாலை அல்லது இரவு என்று பார்த்துப் போடுங்கள். இரவு வேலைக்காரர் பகலில் படுப்பார், அவர் கட்டிலில் இரவு வேறொருவர் படுப்பார். ஆறு படுக்கை எட்டுப் பேருக்கு எட்டுவது இப்படித்தான். படுக்கை கிடைக்காதவர் சோபாவில் கண்ணயர்வார். அதுவும் இல்லையென்றால் தரையிலேயே சாய்ந்துவிடுவார். சாக மாட்டார், எழும்போது எரிச்சலோடு எழுவார்.

ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை ஓவிய நேரம். வரைந்து முடித்ததை உடனே விற்றுவிடுங்கள். சுவரில் மாட்ட ஆசையாக இருக்கும். ஒன்றிரண்டு மாட்டினால் பட்டாசலில் இருப்பவர்களுக்கு மகிழ்ச்சி கூடும், அதற்கு மேல் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டாவது சமையல்.

6. கெட்டுப்போகும் இடங்கள்

கக்கூஸ் அடைத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. சித்தியே சரிசெய்யலாம். குழாய் வேலையில் உயிருக்கு ஆபத்தில்லை. டிவி, கணினி போன்ற மின்பொருள் வேறு. பழுதுபார்க்கும் திறன் இல்லாமல், அதுவும் ஈரத்தில் நின்றுகொண்டு, தொட்டால் ஷாக் அடித்துச் சாகலாம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் விற்றுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை பில் வரும். மற்றவர்கள் கட்டுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள், சித்தி போனிலேயே கட்டிவிடலாம். விட்டால் மின்சாரமும் தண்ணீரும் நின்றுபோகும். எட்டுப் பேர் வீட்டில் ஷவர் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கோபம் உச்சத்துக்குப் போனால் சிம்கள் கோபத்தாலேயே சாவார்கள். சித்திக்குக் கோபம் ஏறுவது தெரிந்தால் கண்ணாடி முன் நிறுத்தி அமைதிப்படுத்துங்கள். கண்ணாடியைத் தார்சாவில் வையுங்கள்; புறவாசலில் வைத்தால் அங்கேயும் ஒரு வரிசை முளைக்கும்.

ஒவ்வொரு ஆட்ட நாள் முடிவிலும் 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையிலேயே தொடங்கிவிடும், மின்வாரிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். வீட்டுச் சுவரையோ கதவையோ மாற்றுவதற்கு முன்பும் தனியாக ஒரு சேவ் வேண்டும். கதவு ஒரு கட்டம் தள்ளிப் போனாலே காலை வரிசை முழுவதும் வேறு மாதிரி ஓடும், பழைய அமைப்புக்குத் திரும்ப அந்த சேவ் கையில் இருக்கட்டும்.