கடை போர்டில் ஜியோமெட்ரிக் இட்டாலிக்: எங்கே வைக்கலாம், எப்படி வைக்கலாம்

பாப்பின்ஸ், ஃபியூச்சுரா போன்ற ஜியோமெட்ரிக் சான்ஸ் எழுத்துருக்களில் (வட்டம், நேர்கோடு போன்ற வடிவங்களால் ஆன, கோட்டு முனையில் கொடுக்கு இல்லாதவை) ஆங்கில 'ஓ' கிட்டத்தட்ட முழு வட்டம். கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றுபோலத் தெரியும். டைம்ஸ் எழுத்துருவின் இட்டாலிக்கில், அதாவது சாய்ந்த வகையில், சின்ன 'ஏ' எழுத்தின் உருவமே மாறிவிடும். ஜியோமெட்ரிக் இட்டாலிக்கில் அப்படி இல்லை, நிமிர்ந்த எழுத்தே 8 முதல் 12 டிகிரி சாய்கிறது. அதனால் பத்தி நடுவே ஒரு சொல்லை அழுத்திக் காட்ட இது உதவாது, கண்ணில் படாமலே போய்விடும். வேகத்தைச் சொல்லும் பெரிய, குறுகிய சொற்களுக்குத்தான் பொருந்தும்: கூரியர், பைக் சர்வீஸ், ஜிம், ஆஃபர் விலை. நகைக்கடைக்கு வேண்டாம்.

இட்டாலிக் ஃபைலைத் தனியாக இன்ஸ்டால் செய்யுங்கள். பெங்களூரு ஃபிளெக்ஸ் கடைகளில் நிமிர்ந்த எழுத்தை கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் இரண்டாம் முறை கிளிக் செய்து சாய்த்து இழுப்பதுதான் பழக்கம். அப்படி இழுத்தால் வட்டம் வலது மேல், இடது கீழ் மூலைகளில் தடித்து, மற்ற இரண்டு மூலைகளில் மெலியும். நல்ல இட்டாலிக்கில் வடிவமைப்பாளர் அதைச் சரிசெய்திருப்பார். சந்தேகமென்றால் பெரிய 'ஓ' ஒன்றை அரையடி உயரத்துக்கு வைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

அளவில்தான் அதிகம் சொதப்புகிறது. 10 டிகிரி சாய்ந்தால் எழுத்தின் உச்சி அதன் உயரத்தில் சுமார் 18 சதவீதம் வலப்புறம் தள்ளும். 12 டிகிரியில் 21. ஆக 30 செ.மீ. எழுத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வலது ஓரத்தில் கூடுதலாக விடவேண்டும். இல்லையென்றால் கடைசி எழுத்தின் தலை ஃபிரேமுக்குள் போய்விடும். நடுவில் நிறுத்த சாஃப்ட்வேர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். முழுக்க கேப்பிடல் என்றால் எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், 3 முதல் 5 சதவீதம் போதும்.

பக்கத்தில் வரும் தமிழையும் கன்னடத்தையும் சாய்க்கவே கூடாது. தமிழில் சாய்த்தால் புள்ளி தன் எழுத்தை விட்டு அடுத்த எழுத்தின் பக்கம் ஒதுங்கும். 'க்' எது, 'க' எது என்று தூரத்திலிருந்து தடுமாறும். பாப்பின்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. மும்பை ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனத்தின் முக்த மலர் போன்ற எளிய தமிழ் எழுத்துருவை நிமிர்த்தி வைத்து, அழுத்தம் வேண்டுமானால் போல்டு அல்லது நிறத்தால் காட்டுங்கள். கர்நாடகத்தில் 2024 திருத்தச் சட்டப்படி பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்கவேண்டும், அதுவும் மேல் பகுதியில். ஆகவே இட்டாலிக்குக்கு மிச்சமிருக்கும் இடம் சின்னது. ஒரு சொல்லோடு நிறுத்துவது நல்லது.

போன் நம்பரை இதில் போடாதீர்கள். சிறிய அளவில் 1 என்ற எண், ஆங்கில 'ஐ', 'எல்' போல வெறும் சாய்ந்த குச்சியாகத் தெரியலாம். விசிட்டிங் கார்டிலும் இதே தொல்லைதான். ஸ்டிக்கர் கட்டிங் என்றால் மெலிந்த லைட் வகையை விட்டுவிட்டு மீடியமோ அதற்கு மேலோ எடுங்கள், லைட்டில் வினைல் உரிக்கும்போதே கிழியும்.

பிரிண்டுக்கு அனுப்பும் முன் கோரல்டிராவில் கன்ட்ரோல் கியூ அழுத்தி எழுத்தைக் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி, எடிட் செய்யக்கூடிய பிரதியைத் தனியே வைத்திருங்கள். மாற்றாமல் அனுப்பி, பிரிண்ட் கடையில் இட்டாலிக் ஃபைல் இல்லாவிட்டால் வேறு எழுத்துரு ஏறிவிடும். ஃபிளெக்ஸ் அடித்துக் கையில் வந்தபிறகுதான் அது தெரியும்.