வன்னியில பழைய 3 சீரீஸ் வாங்கிறவை விடுற பிழைகள்

"பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரீஸ் ஒண்டு எடுக்கப்போறன், ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" எண்டு இப்ப அடிக்கடி கோல் வருது. 2020 இல நிப்பாட்டின இறக்குமதிய 2025 இல திறந்துவிட்டாலும் புதுசின்ர விலைக்குக் கிட்டப் போகேலாது, அதால கொழும்பில ஓடின பழசுகள்தான் எங்கட பக்கம் வருது. கார் நல்ல கார். ஏ9 இல ஒரு வளைவுக்குள்ள விட்டாலே முன்னுக்கும் பின்னுக்கும் பாரத்தைச் சரிபாதியாப் பிரிச்சுக் கட்டியிருக்கிறாங்கள் எண்டது கைக்குத் தெரியும். ஆனா வீடு இருக்கிறது ஏ9 இல இல்லையே, உள்றோட்டிலயெல்லோ. ஒயில் மாத்துங்கோ, பெல்ட் போடுங்கோ எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுறன்.

பெரிய ரிம்

19 அங்குல ரிம்மில 225/40 ரயர் எண்டா, ரிம்முக்கும் றோட்டுக்கும் இடையில இருக்கிற றப்பர் 90 மில்லிமீற்றர். அதே காருக்கு வாற 16 அங்குலத்தில 205/60 போட்டா 123. கிடங்குக்குள்ள விழேக்க அந்த வித்தியாசம்தான் ரிம்மைக் காப்பாத்தும். 17 எடுங்கோ, பாக்கவும் வடிவா இருக்கும்.

ரன்-பிளாட்டைக் கழட்டிப்போட்டு டிக்கிய வெறுமையா விடுறது

இதைப் பாக்கத்தான் எனக்கு இன்னும் கோபம் வாறது. இந்தக் கார்கள் கனக்க ரன்-பிளாட் ரயரோட வாறது, பக்கச் சுவர் தடிப்பு, காத்து முழுக்கப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல போகாம 80 கிலோமீற்றர் வரைக்கும் ஓடலாம், அதை நம்பித்தான் ஸ்பெயார் சில்லும் ஜக்கும் இல்லாம வித்தவங்கள். ரயர் தேய்ஞ்ச உடன எங்கட ஆக்கள் சாதாரண ரயர் போடுவினம், விலையும் குறைவு, ஓட்டமும் மெதுமையாகும். அதை நான் பிழை சொல்லேல்ல, எங்கட றோட்டுக்கு அது நல்லம். ஆனா டிக்கிக்குள்ள ஒண்டுமில்லை!

விசுவமடுவில மருமகன் முறையான ஒரு பொடியன் எஃப் 30, அதுதான் முந்தின 3 சீரீஸ் மொடல், ஒண்டு வச்சிருக்கிறான். ரயர் மாத்தின கடைக்காரன் "ஸ்பெயார் தேவையில்லை, பசை டின் காணும்" எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறான். புதுக்குடியிருப்பில கலியாணம் முடிஞ்சு பிள்ளையளோட இரவு உள்றோட்டால வரேக்க எதிர வந்த லொறிக்கு விலத்தினதில இடப்பக்கச் சில்லு தாரை விட்டுக் கீழ இறங்கிட்டுது, அவன் பதறிப்போய் உடன ஸ்டியரிங்கைத் திருப்பி ஏத்த, தார் விளிம்பு ரயரின்ர பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுது. பசை அடிச்சா அப்பிடியே நிலத்தில ஊத்துது. பசை அடைக்கிறது ஆணி குத்தின ஓட்டையை, அதுவும் றோட்டில படுற பக்கத்தில இருந்தாத்தான். நான் என்ர ஜி 20, அதுக்குப் பிறகு வந்த மொடல், அதின்ர ஸ்பெயாரைத் தூக்கிக்கொண்டு போனன், அதுவும் பூராது, சில்லுப் போல்ட்டுகள் நிக்கிற வட்டம் எஃப் 30 க்கு 120 மில்லிமீற்றர், ஜி 20 க்கு 112. பிள்ளையள என்ர காரில ஏத்திக்கொண்டு வந்தம், கார் விடியும்வரை அங்கயே நிண்டது. ரிம்மும் நெளிஞ்சிருந்தது. அந்த அளவு ரயர் கிட்டடியில ஒரு கடையிலயும் இல்லை, கொழும்பில இருந்து வரும்வரை காத்திருந்தவன்.

அதால, சாதாரண ரயர் போடுற அண்டைக்கே உங்கட மொடலுக்குச் சரியான மெல்லிய ஸ்பெயார் சில்லு ஒண்டும் எடுங்கோ. வீட்டு முத்தத்தில வச்சே முன்னுக்கு ஒருக்காப் பூட்டிச் சுத்திப் பாருங்கோ, பிரேக்கில முட்டினா அண்டைக்கே தெரியும். ஜக், போல்ட் கழட்டுற சாவி, லொக் போல்ட் இருந்தா அதின்ர தனிச் சாவி, மூண்டும் டிக்கிக்குள்ள. இதில நட் இல்லை, சில்லைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் போல்ட் பூட்டவேணும், இருட்டில அது பெரிய கரைச்சல், போல்ட் ஓட்டையில பூட்டிச் சில்லைத் தொங்கவிடுற வழிகாட்டி ஊசி ஒண்டு வாங்கி வையுங்கோ. டிக்கியில இடம் போகும், கட்டுநாயக்காவில ஆக்களை ஏத்தேக்க ஒரு பெட்டி மடியில வரும், வரட்டும்.

சில்லு தாரை விட்டு இறங்கினா பதறாதேங்கோ. பின்சில்லும் இறங்கட்டும், வேகத்தை நல்லாக் குறைச்சு, விளிம்பு பதிவா இருக்கிற இடத்தில ஏத்துங்கோ.

ஓடுற தண்ணிக்குள்ள இறக்கிறது

மார்கழியில குளம் வான் பாஞ்சு தண்ணி றோட்டுக்கு மேலால ஓடுதெண்டா திருப்புங்கோ. எஞ்சினுக்குள்ள தண்ணி போனா கொனெக்டிங் ரொட் வளைஞ்சிடும்.

கிரவல்ல டிஎஸ்சிய (கார் சறுக்காமப் பிடிக்கிற சிஸ்டம்) நிப்பாட்டுறது

வேண்டாம். நெல்லுக் காயப்போட்ட றோட்டிலயும் வேண்டாம்.

இரவில ஏ9 இல விரட்டுறது

மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர் போகும். 70 க்கு மேல சட்டமும் விடாது.

அம்மாவை ஏத்திப் பாக்காம வாங்கிறது

சீட் பதிவு, முழங்கால் நோக்காரருக்கு ஏறுறதைவிட இறங்கிறது கஷ்டம். பின்னுக்கு நடுவில, பின்சில்லைச் சுத்துற தண்டு போற மேடு வேற இருக்கு, அதில இருந்துகொண்டு யாழ்ப்பாணம் மட்டும் ஒருத்தரும் வரமாட்டினம். பாக்கப் போகேக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில இருத்துங்கோ, அவ இறங்கேலாமக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா அட்வான்ஸ் குடுக்காதேங்கோ.