பிளாட்டினம்–நிக்கல் வினையூக்கியைச் செய்து சோதிப்பது எப்படி?

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்லில் ஹைட்ரஜன் பக்கம் பெரிய தலைவலி கிடையாது, ஆக்சிஜனைத் தண்ணீராக்கும் பக்கம்தான் பிளாட்டினத்தை விழுங்குகிறது. அதோடு நிக்கலோ கோபால்ட்டோ கலந்தால் வேகமும் கூடும், செலவும் இறங்கும். டொயோட்டா மிராய் காரில் இருப்பதே பிளாட்டினம்–கோபால்ட்தான். 2007இல் பிளாட்டினம் மூன்று பங்கு, நிக்கல் ஒரு பங்கு கொண்ட ஒற்றைப் படிகம், வழக்கமான கார்பன் மேலிட்ட பிளாட்டினத்தைவிட 90 மடங்கு வேகம் காட்டியது. நானோதுகளில் அந்த 90ஐ எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மூன்று மடங்கு வந்தாலே சந்தோஷப்படலாம்.

முதல் தடவை செய்பவர்களுக்கு ஊறவைத்துச் சுடும் முறையே போதும். விலைக்குக் கிடைக்கும் 20 சதவீத பிளாட்டினம்–கார்பன் பொடி 100 மி.கி. எடுங்கள். அதில் பிளாட்டினம் 20 மி.கி., எனவே மூன்றுக்கு ஒன்று அணு விகிதத்துக்கு நிக்கல் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் சுமார் 10 மி.கி. போதும். நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, பொடியைப் போட்டு, கலக்கிக்கொண்டே உலர்த்துங்கள்.

அப்புறம் குழாய் உலை. முதலில் ஆர்கானை ஓடவிட்டுக் காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் 600–700 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம். சூடு குறைந்தால் நிக்கல் உள்ளே போகாது, கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். முழுக்க ஆறிய பிறகு ஆர்கானிலேயே வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், சட்டென்று திறந்தால் பொடி தீப்பிடிக்கலாம்.

கலந்ததா இல்லையா என்பதை எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிர் சிதறலை வைத்துப் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை, சொல்லிவிடும். தாமிரத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரில் சுத்தப் பிளாட்டினத்தின் முதல் உச்சி 39.8 டிகிரியில் இருக்கும், நிக்கல் சரியாகக் கலந்தால் அது 40.7 பக்கம் நகரும். 44.5இல் தனியாக ஒரு உச்சி நின்றால் நிக்கல் வெளியே தங்கிவிட்டது என்று பொருள். உச்சி நகராத மாதிரியை மின்வேதிச் சோதனைக்குக் கொண்டுபோவது நேர விரயம். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நிக்கலை 0.5 மோலார் கந்தக அமிலத்தில் சில மணி நேரம் கலக்கிக் கழுவி எடுங்கள், இல்லாவிட்டால் அது பின்னால் செல்லுக்குள் கரைந்து, இரு பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சவ்வைக் கெடுக்கும்.

நிறைய பேர் சறுக்குவது மை தயாரிப்பில்தான், அதாவது மின்முனையில் பூசப் பொடியைத் திரவத்தில் கலக்குவதில். 4 மி.கி. பொடியில் முதலில் 1.5 மி.லி. தண்ணீரை ஊற்றி நனைத்த பிறகே 0.5 மி.லி. ஐசோபுரப்பனாலும் பொடியை ஒட்டவைக்கும் பாலிமரான நாஃபியான் துளியும் சேருங்கள். உலர்ந்த பொடியில் ஆல்கஹாலை நேராக ஊற்றினால் பற்றிக்கொள்ளும். ஐஸ் தண்ணீரில் அல்ட்ராசோனிக் குளியல் அரை மணி நேரம். 5 மி.மீ. விட்டமுள்ள மின்முனையில் 10 மைக்ரோலிட்டர் விட்டால், சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோகிராம் பிளாட்டினம் வரும். மின்முனையைச் சுழற்றிக்கொண்டே உலர்த்துங்கள், சும்மா வைத்தால் மேசையில் காபிச் சொட்டு காய்ந்த மாதிரி ஓரத்தில் வளையம் கட்டும்.

இனி மின்வேதிச் சோதனை: 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலம், மின்முனை நிமிடத்துக்கு 1600 சுழற்சி. வோல்ட்டை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பு மின்முனையாக வெள்ளி–வெள்ளி குளோரைடு வேண்டாம், கசியும் குளோரைடு பிளாட்டினத்தை முடக்கிவிடும், ஹைட்ரஜன் ஒப்பு மின்முனைதான் சரி. நைட்ரஜனில் வோல்ட்டை ஏற்றி இறக்கி 50 சுற்று ஓடவிட்டுச் சுத்தமாக்கியபின் ஆக்சிஜன். எல்லை மின்னோட்டம், அதாவது வோல்ட்டை இன்னும் இறக்கினாலும் அதற்கு மேல் கூடாத மின்னோட்டம், சதுர சென்டிமீட்டருக்கு 5.7–6 மில்லிஆம்பியர் தொடவில்லையா? படலம் சரியில்லை, துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

கணக்கு எளிது: சதுர சென்டிமீட்டருக்கு எல்லை மின்னோட்டம் 6 மில்லிஆம்பியர், 0.9 வோல்ட்டில் மின்னோட்டம் 3 மில்லிஆம்பியர் என்றால், இரண்டையும் பெருக்கி வித்தியாசத்தால் வகுத்தால் 6 மில்லிஆம்பியர், அதை 20 மைக்ரோகிராமால் வகுத்தால் மில்லிகிராமுக்கு 0.3 ஆம்பியர். வெறும் பிளாட்டினம்–கார்பனையும் அதே நாளில் அதே அமிலத்தில் அளந்து பக்கத்தில் வையுங்கள், பிறர் கட்டுரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடாதீர்கள். பிறகு 0.6 முதல் 1.0 வோல்ட் வரை சில ஆயிரம் சுற்று ஓட்டி, எவ்வளவு தாங்குகிறது என்று புது அமிலத்தில் மீண்டும் அளந்து பாருங்கள்.