பழைய காருக்குக் கார்புரேட்டர் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வி8 (எட்டு சிலிண்டர்) கார் ஒன்றைச் சீர் செய்து ஓட்ட நினைப்பவர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை வாங்கப் போனதும் முதலில் பார்ப்பது சிஎஃப்எம் எண்ணைத்தான். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று அதன் வழியாகப் போகும் என்பதன் அளவு அது. 600, 650, 750, 850 என்று வரிசையாக இருக்கும்; கண் பெரிய எண்ணில்தான் போய் நிற்கும். பெரிதாக வாங்கினால் பவர் கூடும் என்று நினைப்பு. சாலையில் ஓட்டும் காருக்கு அது பெரும்பாலும் தப்பு.

இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கடைக்குப் போகும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவை, நீங்கள் தொடப்போகும் உச்ச ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) பெருக்கி, 3456-ஆல் வகுக்க வேண்டும். செவ்ரோலேயின் 350 கன அங்குல இன்ஜினை 5500 ஆர்பிஎம் வரை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். விடை சுமார் 557. ஆனால் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுசாக நிரம்புவதில்லை. சாதாரண இன்ஜின் 80 முதல் 85 சதவீதம் நிரம்பினாலே நல்லது. 85 என்று எடுத்தாலும் 473 சிஎஃப்எம்தான் வருகிறது. அதாவது 600 என்பதே தாராளம். இதே இன்ஜின் மேல் 850-ஐப் பூட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், பானெட்டைத் திறந்து காட்ட நன்றாக இருக்கும்.

சரி, கூடுதலாக இருந்தால் என்ன நஷ்டம்? கார்புரேட்டரில் காற்று போகும் குழலின் (வென்ச்சுரி) குறுகலான கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையிலிருந்து அதை இழுத்து, பொடித்துளிகளாகக் காற்றில் கலக்கிறது. கழுத்து அகலமாக இருந்தால் அதே காற்று மெதுவாகப் போகும், இழுக்கும் வலு குறையும், துளிகள் பருத்துவிடும். காரைக் கிளப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு கணம் தயங்கும். அதைச் சரிக்கட்ட, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டைப் பெரிதாக்குவார்கள், அப்புறம் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். சாலைக் கார் பெரும்பாலான நேரம் 1500-க்கும் 3000-க்கும் இடைப்பட்ட ஆர்பிஎம்மில்தான் ஓடுகிறது. எப்போதாவது தொடும் உச்சத்துக்காக அந்த இடத்தைக் கெடுத்துக்கொள்வது வீண்.

அப்படியென்றால் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் குவாட்ராஜெட் என்ற 750 சிஎஃப்எம் கார்புரேட்டர் கம்பெனியிலிருந்தே எப்படி வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் நான்கு காற்றுத் துளைகளில் (பேரல்) முதலில் திறக்கும் இரண்டு பிரைமரி துளைகளும் மிகச் சிறியவை. அன்றாட ஓட்டமெல்லாம் அவற்றிலேயே முடிந்துவிடும். ஆழமாக மிதிக்கும்போது திறக்கும் மற்ற இரண்டின், அதாவது செகண்டரி பக்கம் இருக்கும் ஏர் வால்வு, இன்ஜின் கேட்கும் அளவுக்குத்தான் திறக்கும். பலர் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். நல்ல நிலையில் ஒன்று கையில் இருந்தால் அதைச் சீர் செய்வதே மேல் என்பது என் கட்சி. ஒரு விஷயம்: இதன் துளை அமைப்புக்கும் ஹாலி, எடல்பிராக் கம்பெனிகளுடைய கார்புரேட்டர்களின் வழக்கமான சதுர அமைப்புக்கும் ஒத்துவராது. கார்புரேட்டர் உட்காரும் மேனிஃபோல்டு எந்த வகை என்று பார்க்காமல் வாங்கினால் அடாப்டர் தட்டு தேட வேண்டியிருக்கும். தட்டு வைத்தால் உயரம் கூடும், பானெட் மூடுமா என்ற கவலை வேறு.

சிஎஃப்எம் எண்ணிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. நான்கு பேரல் கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் அளக்கிறார்கள். இரண்டு பேரலை 3 அங்குலத்தில். அதனால் 500 சிஎஃப்எம் என்று விற்கும் இரண்டு பேரல், நான்கு பேரல் அளவுகோலில் சுமார் 354 மட்டுமே. இரண்டையும் நேராக ஒப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது.

செகண்டரி எப்படித் திறக்கிறது என்பதில் அடுத்த சறுக்கல். கனமான கார், ஆட்டோமேட்டிக் கியர் என்றால் வேக்குவத்தில் (இன்ஜின் காற்றை இழுக்கும் விசையில்) திறக்கும் வகைதான் பொருத்தம். இன்ஜினுக்குக் காற்று தேவைப்படும்போதுதான் அது திறக்கும். ஆக்சிலரேட்டரோடு நேரடியாக லிங்க்கில் திறக்கும் ‘டபுள் பம்ப்பர்’ (இரண்டு பெட்ரோல் பம்ப் கொண்ட வகை), எடை குறைந்த மேனுவல் கியர் காருக்கு நன்றாக இருக்கும். கனமான காரில் வைத்து சட்டென்று மிதித்தால் கார் திக்கித்தான் கிளம்பும்.

ஆட்டோமேட்டிக் பற்றிப் பேசும்போது முக்கியமான ஒன்று. 700ஆர்4 போன்ற கியர்பாக்ஸில் கார்புரேட்டரிலிருந்து ஒரு டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள் போகும். கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான். புதுக் கார்புரேட்டரின் லீவர் அளவு மாறி, கேபிள் போதிய அளவு இழுபடாவிட்டால் அழுத்தம் குறைந்து உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகும். சரியான பிராக்கெட்டும் லீவரும் கிடைக்குமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள்.

பெட்ரோல் அழுத்தமும் அப்படித்தான். எடல்பிராக் சுமார் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) வரை தாங்கும்; வெபர் கார்புரேட்டருக்கு 3 போதும். ரெகுலேட்டர் இல்லாமல் வலுவான எலெக்ட்ரிக் பம்ப் மாட்டினால் மிதவை அறைக்குள் பெட்ரோலை அடைக்கும் ஊசி தோற்று, பெட்ரோல் வழியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழிவது தீ விபத்தில் முடியலாம்.

இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) வேக்குவம் குழாய்களில் காற்றுக் கசிவையும் பார்க்காமல் கார்புரேட்டர் மேல் பழி போடுவதும் நடக்கிறது. அங்கே கோளாறு இருந்தால் எதை மாற்றினாலும் ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடில் நிலையில் இன்ஜின் சீராக ஓடாது.

பழைய கார்புரேட்டரை வாங்குவதானால் காற்றுத் தட்டைத் திருப்பும் த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டிருந்தால் அந்த இடுக்கில் காற்று புகும். ரிப்பேர் கிட் போட்டு அது சரியாகாது. ஷாஃப்ட் துளையைக் கடைந்து புஷ் (உள் வளையம்) அடிக்க வேண்டும். விலை பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.