கனமான குண்டுக்கு எந்த மருந்து? .30-06 ரைஃபிளுக்குத் தோட்டா கட்டும்போது

அமெரிக்காவில் எல்க், மூஸ் எனும் பெரிய மான்களின் வேட்டைக்கும் அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டைக்கும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டாவைச் சுடும் ரைஃபிளைத் தூக்குபவர்கள் பலர் 200 அல்லது 220 கிரெயின் (சிறு எடை அலகு, சுமார் 0.065 கிராம்) குண்டைத்தான் நம்புகிறார்கள். கூடு, அதற்குள் வெடிமருந்து, வாயில் குண்டு என்று தோட்டாவைத் தாங்களே கட்டுபவர்களுக்கானது இது. 150 கிரெயின் குண்டுக்கு அருமையாக வேலை செய்த மருந்தையே இதற்கும் போடலாம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

காரணம் இதுதான். கனமான குண்டு மெதுவாக நகரும். அதன் பின்னால் வாயு விரிய இடம் கிடைப்பதும் தாமதமாகும். சீக்கிரம் எரியும் மருந்து என்றால், குண்டு சில அங்குலம் போவதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். .30-06-க்கு அமெரிக்கத் தொழில் அமைப்பான சாமி வகுத்த எல்லை 60,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அந்த எல்லையை வேக மருந்து சீக்கிரமே தொட்டுவிடுவதால் அதைக் குறைவாகத்தான் போட முடியும், வேகமும் குறையும். நிதானமாக எரியும் மருந்தைக் கூடுதலாகப் போடலாம். குழல் நெடுகிலும் அது குண்டைத் தள்ளிக்கொண்டே வரும்.

மருந்துகளின் பெயர்கள் இவை: 150 கிரெயின் குண்டுக்கு ஐஎம்ஆர் 4064, வார்ஜெட்; 180-க்கு எச்4350; குண்டு 200, 220 என்று ஏறினால் எச்4831, ஐஎம்ஆர் 4831, ரீலோடர் 22. இந்த வரிசையில் தேடினால் போதும். இதைவிட மந்தமான, பெரிய மேக்னம் தோட்டாக்களுக்கான மருந்தை எடுத்தால் கூடு நிறைந்துவிடும், அழுத்தம் மட்டும் ஏறாது. 22 அங்குலக் குழலில் பாதி மருந்து குழல் வாயில் தீயாகப் போகும். .308 எனும் இன்னொரு தோட்டாவுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. அதன் கூடு சிறியது, எச்4831 அதற்குள் போதிய அளவு கொள்ளாது.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். எச்4831 வேறு, ஐஎம்ஆர் 4831 வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய 20 மில்லிமீட்டர் பீரங்கி மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி விற்றதில் தொடங்கியதுதான் முதலாவது. ஐஎம்ஆர் 4831 அதைவிட வேகமாக எரியும். எச்4831-இன் உச்ச அளவை ஐஎம்ஆர் 4831-இல் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். எச்4350, ஐஎம்ஆர் 4350 ஆகியவற்றின் அளவுகளையும் மாற்றிப் போடக் கூடாது. எச்4831எஸ்சி மட்டும் எச்4831-தான். பருக்கைகளைக் குட்டையாக நறுக்கியிருக்கிறார்கள், அளவு ஒன்றே.

மருந்து உற்பத்தியாளரின் அட்டவணையில் உங்கள் குண்டின் எடை மட்டுமல்ல, குண்டின் வகையும் இருக்கிறதா என்று பாருங்கள். 200 கிரெயின் முழுச் செம்புக் குண்டு, ஈயம் வைத்த 200 கிரெயின் குண்டைவிட நீளமானது. தோட்டாவின் மொத்த நீளம் 3.340 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மிச்ச நீளம் கூட்டுக்குள்தான் இறங்கும்; மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தமும் உயரும்.

மருந்து போட்ட கூடுகளை மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மருந்து தோள் வரை வந்து கழுத்தின் அடியைத் தொட்டால் நல்ல நிறைவு. குண்டை அழுத்தும்போது மெல்ல நறநறவென்று கேட்டால் மருந்து சற்று அமுங்குகிறது. அட்டவணை அந்த அளவை அமுக்கிய அளவு என்று குறித்திருந்தால் பயமில்லை. கட்டிய தோட்டாவைக் காதருகே ஆட்டும்போது மருந்து தாராளமாக உருண்டால், அந்தக் குண்டுக்கு இன்னும் நிதானமான மருந்து இருக்கிறது என்று பொருள். ஒரு கூட்டில் மட்டம் வேறாகத் தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிறுங்கள்.

அட்டவணையின் உச்ச அளவுக்குப் 10 சதவீதம் கீழே தொடங்குங்கள். அட்டவணையில் தொடக்க அளவு தனியாக இருந்தால் அதையே எடுங்கள். அதற்கும் கீழே போகாதீர்கள்: மந்தமான மருந்தை அரைகுறையாக நிரப்பினால் அழுத்தம் திடீரென்று எகிறி ரைஃபிள் சிதறிய சம்பவங்கள் உண்டு. அரை அரை கிரெயினாக ஏற்றுங்கள். உச்சத்தை நெருங்கும்போது 0.2, 0.3 போதும். நீண்ட பருக்கைகள் அளவைக் கருவியில் நறுங்கி சீராக விழாது. ஆகையால் கொஞ்சம் குறைவாக விழவைத்து, மீதியைத் தராசுத் தட்டில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதே உத்தமம்.

கூட்டின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் போல்ட்டைத் தூக்கக் கை அழுத்தம் கூடினாலோ, கூட்டின் அடியில் எஜெக்டரின் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு) வட்டம் பளபளவென்று பதிந்தாலோ, ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அதன் குழியில் தொளதொளவென்று உட்கார்ந்தாலோ அன்றைய சோதனையை நிறுத்துங்கள். ப்ரைமர் தட்டையானதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேலும், இந்த அறிகுறிகள் தெரியும்போது அழுத்தம் எல்லையைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் முன்னதாகவே எச்சரிக்கும்: குழல் நீளக் கணக்கைக் கழித்தபின் (அங்குலத்துக்குச் சுமார் விநாடிக்கு 20 முதல் 30 அடி) வேகம் அட்டவணையின் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டால், உங்கள் ரைஃபிளுக்கு உச்சம் அதுவே. அட்டவணையில் இன்னும் ஒரு கிரெயின் பாக்கி இருந்தாலும் சரி.

கூடு, ப்ரைமர், குண்டு என எதை மாற்றினாலும் கீழிருந்து தொடங்க வேண்டும். ராணுவக் கூடுகள் தடித்தவை, உள்ளே இடம் குறைவு.

ஜூலை வெயிலில் அளவு பார்த்துவிட்டு நவம்பர் பனியில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எச்4350, எச்4831 ஏற்றவை; வெப்பநிலை மாறினாலும் இவற்றின் வேகம் அதிகம் மாறாது. பனிக்காலத்தில் உச்சம் பார்த்த தோட்டாவை வெயிலில் சுடுவதுதான் அபாயம். வெயிலில் காரின் முன்பலகையில் தோட்டாக்களை வைக்கவும் வேண்டாம்.

மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா இருக்கட்டும். வேலை முடிந்ததும் அளவைக் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். பெயர் தெரியாத மருந்தை மோந்தும் நிறம் பார்த்தும் ஊகிக்காதீர்கள், புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிடுங்கள். பெயர் தெரிந்த மருந்திலும் மூக்கை அரிக்கும் புளித்த நெடியோ செம்பழுப்புத் தூசியோ கண்டால் அது கெட்டுவிட்டது, அந்த டப்பாவை வீட்டுக்குள் வைக்கக் கூடாது.