விசைப்படகு ஷாஃப்ட் கடைசலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரொப்பெல்லர் ஷாஃப்ட் முறிந்ததும் அதைக் கடைந்தெடுத்த கம்பி தரமில்லை என்று சொல்லிவிடுகிறோம். முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால், அலை வாங்கிய ஈரமணலில் தெரிவதைப் போன்ற வளைகோடுகள், அதாவது விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்த தடங்கள், பல நேரங்களில் கீவேயின் (புரொப்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் கீ என்ற கட்டை அமரும் காடியின்) மூலையிலிருந்து கிளம்பியிருக்கும். அந்த அடிமூலையைக் கூர்மையாக விட்டுவிடுவதுதான் பட்டறையில் நிகழும் முதல் தவறு. மூலையில் சிறு வளைவு இருக்க வேண்டும். டேப்பரின் (புரொப்பெல்லர் அமரும் கூம்புப் பகுதியின்) பெரிய விட்டத்தை நோக்கிக் கீவே முடியும் இடத்தில் கட்டர் சட்டென நிற்காமல் சரிவாக மேலேறி வெளியேற வேண்டும். கீயின் விளிம்புகளையும் அந்த வளைவில் இடிக்காதபடி ராவிவிட வேண்டும்.

டேப்பர் 1:10 (பத்து மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. விட்டம் குறைவது) ஆனாலும் 1:16 ஆனாலும், புரொப்பெல்லரின் துளையோடு அது முழுநீளமும் படிகிறதா என்பதை நீலச் சாயம் தடவிப் பார்ப்பது அவசியம். முதலில் கீ இல்லாமல் ஏற்றி, அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு கீயுடன் ஏற்றும்போது அதே குறிக்கு வராவிட்டால், புரொப்பெல்லர் டேப்பரில் அமராமல் கீயின் முதுகில் சவாரி செய்கிறது என்று பொருள்.

கீவே வெட்டியபின் ஷாஃப்டை மீண்டும் சோதிக்காமல் அனுப்புவதும் தவறே. கம்பிக்குள் அடங்கியிருந்த இறுக்கம் ஒரு பக்கம் வெட்டியதும் தளர்ந்து, நேராக இருந்த ஷாஃப்ட் வளைந்துவிடக்கூடும், 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால்தான் அது தெரியும். தேய்ந்த ஷாஃப்டைக் கடைந்து மெலிதாக்குவோர், 50 மி.மீ. 45 ஆகும்போது முறுக்கைத் தாங்கும் வலு கால்பங்குக்கு மேல் குறைந்துவிடுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கம்பி வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது பலருக்கும் வழக்கம். துருப்பிடிக்காத எஃகு ரகங்களான 304, 316 இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவை. 316இல் உள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினத்தைக் காந்தம் காட்டாது, ஆலைச் சான்றிதழ்தான் காட்டும். அந்த 316கூட, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகில், ஷாஃப்டைச் சுற்றி நீர்க்கசிவை அடைக்கும் கிளாண்டு கயிற்றின் அடியில், புதிதாக நீர் வந்து சேராததால் ஆக்சிஜன் கிடைக்காமல் ஊசிமுனைக் குழிகளாக அரிக்கப்படும். கிராஃபைட் கலந்த கயிறு அந்த அரிப்பை விரைவுபடுத்தும்.

ஷாஃப்டை எஞ்சின் பக்கத்தோடு இணைக்கும் கப்ளிங்கின் முகத்தை, அதை ஷாஃப்டில் ஏற்றிய பிறகே கடைந்து சீராக்குவது நல்லது. எஞ்சினோடு நேர்பார்ப்பதைக் கரையில் முடித்துவிடக் கூடாது. படகு மிதக்கும்போது அடிப்பகுதியின் வடிவம் சற்று மாறுவதால், நீரில் இறக்கியபின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு சுற்றிலும் அளந்து, 100 மி.மீ. விட்டக் கப்ளிங்கில் இரு முகங்களுக்கிடையே உள்ள இடைவெளி வேறுபாடு 0.1 மி.மீ.க்குள் இருக்குமாறு எஞ்சின் தாங்கிகளைச் சரிசெய்ய வேண்டும்.