பிறவி வால்வுக் குறையுள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருங்குழாயான பெருந்தமனியின் வாயிலில் உள்ள வால்வுக்கு இயல்பாக மூன்று இதழ்கள் உண்டு. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு அது பிறவியிலேயே இரண்டு இதழ்களோடு அமைந்துவிடுகிறது. அத்தகைய பெண்களில் பெரும்பாலோர் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்றாலும், சிறுவயதில் மருத்துவர் சொன்ன ‘பயமில்லை’ என்ற சொல்லை மட்டும் நம்பிக் கருத்தரிப்பது சரியன்று.

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இரண்டு இதழ் வால்வு சிலருக்குக் கசியும், சிலருக்குச் சுருங்கியிருக்கும். கசியும் வால்வு இந்தக் கூடுதல் இரத்தத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சுருங்கிய வால்வால் அது எளிதில் முடிவதில்லை. ஆகவே முதலில் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும்) பரிசோதனை செய்து, சுருக்கம் எவ்வளவு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் எப்படி, பெருந்தமனி எவ்வளவு விரிந்திருக்கிறது என்ற மூன்றையும் இதய மருத்துவரிடம் கேட்டறியுங்கள். சுருக்கம் கடுமையாக இருந்து மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தாலும், பெருந்தமனியின் விட்டம் 50 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், சிகிச்சையை முடித்துக்கொண்ட பிறகே கருத்தரிக்க வேண்டும்.

ஏற்கெனவே உலோக வால்வு பொருத்தியவர்களுக்கே மிகுந்த கவனம் தேவை. இரத்தம் உறையாமலிருக்க அவர்கள் உட்கொள்ளும் வார்ஃபரின் மாத்திரை, 6 முதல் 12 வாரம் வரையிலான கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படுவோருக்கு இந்த ஆபத்து கூடுதல். ஹெப்பரின் ஊசி கருவைச் சென்றடைவதில்லை, ஆனால் வால்வில் இரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு அதில் அதிகம். இரண்டில் எதை எப்போது எடுப்பது என்பதைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். கரு தங்கியது தெரிந்ததும் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவது தாயின் உயிருக்கே ஆபத்து என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வால்வின் ‘டிக்’ ஒலி மங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

‘மாசமாக இருந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, மயக்கம் ஆகியவை அந்தக் கணக்கில் சேரா. குழந்தையின் இதயத்தைப் பார்க்கும் எக்கோவை 18 முதல் 22 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

பலருக்குச் சுகப்பிரசவமே பொருத்தமானது. ஆயினும் இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒருசேர உள்ள மருத்துவமனையை முன்னரே தேர்ந்தெடுங்கள். பிரசவம் முடிந்ததும் கருப்பையிலிருந்த இரத்தம் திடீரென இதயத்துக்குத் திரும்புவதால், அடுத்த சில நாட்களும் கண்காணிப்பில் இருப்பது அவசியம். வார்ஃபரின் உட்கொள்ளும் தாய் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.